டோக்கன் உங்களிடம், கார்டு யாரிடம்?

பெரிய கோயில்களில் செருப்பு விடும் இடத்தில் எண் பொறித்த டோக்கன் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். மதுரையில் வாங்கிய டோக்கனைப் பழநியில் நீட்டினால் செருப்பு வராது. எண்ணில் தவறில்லை, செருப்பு இருப்பது வேறு ஊரின் அடுக்கில். கணக்கு மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றும் நிறுவனங்கள், ‘கார்டு விவரங்களும் மற்ற தரவோடு சேர்ந்து வந்துவிடும்’ என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த டோக்கன்தான் நினைவுக்கு வரும்.

மென்பொருளுக்குள் சேமித்திருப்பது கார்டு எண் அல்ல. உண்மையான எண், கார்டு வழியே பணம் வாங்கித் தரும் இடைநிறுவனமான பேமென்ட் கேட்வேயின் பெட்டகத்தில் இருக்கிறது. உங்களிடம் இருப்பது அதற்கான அடையாளக் குறி, அதாவது டோக்கன். பதிப்பு மாறினாலும் கேட்வேயும் வணிகக் கணக்கும் பழையவையே என்றால் பெரும்பாலும் கவலையில்லை. புதிய பதிப்பு பழைய கேட்வேயோடு பேசாது என்று தெரியவரும்போதுதான் தூக்கம் கெடும்.

கோவையிலிருந்தோ சென்னையிலிருந்தோ அமெரிக்க வாடிக்கையாளர்களிடம் மாதச் சந்தா வசூலிக்கும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அதன் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. இந்திய வங்கிகள் தந்த கார்டுகளின் கதை வேறு. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

முதல் வழி, பெட்டகத்திலிருந்து பெட்டகத்துக்கு நேரடி மாற்றம். பழைய கேட்வே கார்டு எண்களைப் பி.ஜி.பி. என்ற குறியாக்க முறையில் பூட்டிப் புதிய கேட்வேக்கு அனுப்பும். புதியது அவற்றைத் தன் பெட்டகத்தில் ஏற்றிவிட்டு, ‘பழைய டோக்கன் இது, புதிய டோக்கன் இது’ என்று ஓர் இணைப்புக் கோப்பை உங்களிடம் தரும். வாடிக்கையாளருக்கு எதுவும் தெரியாது. என் கணிப்பில் சில நூறு சந்தாதாரர்களுக்கு மேல் இருந்தால் இதற்கு நிகரான வழி இல்லை. ஆனால் பழைய கேட்வே ஒத்துழைக்க வேண்டும். விட்டுப் போகும் வாடிக்கையாளரின் வேலையை யாரும் ஓடிவந்து செய்வதில்லை. வாரக்கணக்கில் ஆகும். அவசரத்தில் ‘கோப்பை எங்களிடமே கொடுங்கள், நாங்கள் சேர்த்துவிடுகிறோம்’ என்று கேட்டுவிடாதீர்கள். கார்டு எண்கள் உங்கள் கணினியில் ஐந்து நிமிடம் தங்கினாலும் பி.சி.ஐ. டி.எஸ்.எஸ். பாதுகாப்பு விதிகளின் முழுச் சுமையும் உங்கள் தலையில் இறங்கும். கார்டின் பின்புறமுள்ள மூன்று இலக்கப் பாதுகாப்பு எண் இந்தப் பயணத்தில் வராது. பரிவர்த்தனைக்கு ஒப்புதல் கிடைத்த பிறகு அதைச் சேமிக்க அந்த விதிகளே அனுமதிப்பதில்லை.

இந்த வழியில் பெரும்பாலும் தவறு நடப்பது கேட்வேயில் அல்ல, நம் மேசையில். நான் உதவப்போன ஓர் அலுவலகத்தில் இணைப்புக் கோப்பை எக்செலில் திறந்து, வரிசைப்படுத்தி, சேமித்து வைத்திருந்தார்கள். அந்த டோக்கன்கள் 16 இலக்க எண்கள். எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். எல்லா டோக்கன்களும் பூஜ்ஜியத்தில் முடிந்திருந்தன! கேட்வே அனுப்பிய மூலக் கோப்பை யாரோ அழிக்காமல் வைத்திருந்ததால் பிழைத்தார்கள். எனவே டோக்கன் இருக்கும் நெடுவரிசைகளை எண்ணாக அல்ல, எழுத்தாக இறக்குமதி செய்யுங்கள். ஒவ்வொரு வரியிலும் கார்டின் கடைசி நான்கு இலக்கமும் காலாவதி மாதமும் வாடிக்கையாளரோடு பொருந்துகின்றனவா என்று ஒப்பிடுங்கள். ஒரு வரி இடம் மாறினால் ஒருவருடைய பாக்கி இன்னொருவர் கார்டில் விழும்.

இன்னும் இரண்டு ஓட்டைகள் உண்டு. பெட்டகம் நகலெடுத்த நாளுக்கும் நீங்கள் மாறும் நாளுக்கும் இடையில் வந்து சேரும் புதிய கார்டுகளுக்கு இரண்டாவது கோப்பு ஒன்று வேண்டும். அதை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது, வாடிக்கையாளர் முதன்முதலில் ஒப்புதல் தந்தபோது விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்பு கொடுத்த பரிவர்த்தனை அடையாள எண். ‘இவர் முன்பே சம்மதித்தவர்’ என்பதற்கு அதுதான் சான்று. அது வராமல் போனால், கார்டு எண் சரியாக இருந்தும் வங்கி மறுக்கக்கூடும். ஐரோப்பிய வாடிக்கையாளர்கள் இருந்தால் இதில் கூடுதல் கவனம் தேவை.

இரண்டாவது வழி, வாடிக்கையாளரிடமே மறுபடி கார்டைக் கேட்பது. தொழில்நுட்பச் சிக்கல் எதுவும் இல்லை, ஆனால் வருமானம் கசியும். சந்தா கட்டுவதையே மறந்திருந்தவருக்கு நீங்களே நினைவூட்டிவிடுகிறீர்கள். ‘உங்கள் கார்டு விவரங்களைப் புதுப்பிக்கவும்’ என்ற மின்னஞ்சல் அசல் மோசடி மின்னஞ்சல் போலவே இருக்கும் என்பதும் உண்மை. மின்னஞ்சலில் இணைப்புத் தராமல், அவர் வழக்கமாக உள்நுழையும் பக்கத்தில் அறிவிப்பு வைப்பது மேல். அறுபது, எழுபது வாடிக்கையாளர்கள் மட்டும் உள்ள நிறுவனம் என்றால் இதைத்தான் செய்யச் சொல்வேன். தொலைபேசியில் நினைவூட்டலாம், கார்டு எண்ணை மட்டும் தொலைபேசியில் வாங்காதீர்கள்.

மூன்றாவது, இரண்டு கேட்வேயையும் சில காலம் சேர்த்தே ஓட்டுவது. பழைய கார்டு பழைய வழியில், புதிய கார்டு புதிய வழியில். கார்டுகள் காலாவதியாக ஆகப் பழைய பக்கம் தானாகக் காலியாகிவிடும் என்று கணக்குப் போடுகிறார்கள். ஆகாது. கார்டு மாறும்போது புதிய எண்ணைத் தானே வாங்கிக்கொள்ளும் புதுப்பிப்புச் சேவை பழைய கேட்வேயில் இயங்கிக்கொண்டிருந்தால், பழைய டோக்கனுக்குச் சாவே கிடையாது. இரண்டு கட்டணம், இரண்டு கணக்குச் சரிபார்ப்பு, மாதக் கடைசியில் கணக்காளரின் முகம்! இதை நிரந்தர ஏற்பாடாக ஏற்கமாட்டேன். ஆனால் எந்த வழியில் போனாலும் பழைய கணக்கை ஆறு மாதமாவது மூடாதீர்கள். பழைய விற்பனைக்குப் பணம் திருப்பித் தர அந்தக் கணக்கு வேண்டும். வாடிக்கையாளர் வங்கியில் முறையிடவும் பல வகைகளில் 120 நாள் வரை அவகாசம் உண்டு.

நான்காவது, எந்தக் கேட்வேயையும் சாராத தனிப் பெட்டகம். அடுத்த முறை கேட்வே மாறினாலும் டோக்கன் மாறாது. ஆனால் அதற்குள் நுழைய முதல் வழியை ஒருமுறை கடந்தே ஆக வேண்டும்; பிறகு மாதக் கட்டணம். மூன்று நான்கு நாடுகளில் வெவ்வேறு கேட்வே வைத்திருப்பவருக்குப் பொருந்தும். மற்றவர்களுக்கு இது ஒரு சைக்கிளை நிறுத்தக் கட்டும் பெரிய கொட்டகை.

இனி இந்தியக் கார்டுகள். ரிசர்வ் வங்கி விதிப்படி 2022 அக்டோபர் 1 முதல், கார்டை வழங்கிய வங்கியும் கார்டு வலையமைப்பும் தவிர வேறு யாரும் கார்டு எண்ணைச் சேமித்து வைக்கக் கூடாது. கடைசி நான்கு இலக்கமும் வங்கியின் பெயரும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். கேட்வேயிடமே எண் இல்லாதபோது பூட்டி அனுப்ப என்ன இருக்கிறது? டோக்கனும் குறிப்பிட்ட கார்டு, குறிப்பிட்ட வணிகர், அதைக் கேட்டு வாங்கிய நிறுவனம் ஆகிய மூன்றுக்கும் சேர்த்துத்தான் செல்லுபடியாகும். பல கேட்வேக்களில் செல்லும் டோக்கன் சேவையை முன்பே தேர்ந்தெடுத்தவர்கள் தப்பினார்கள். மற்றவர்களுக்கு, பழையதைச் சிறிது காலம் ஓட்டிக்கொண்டே இரண்டாவது வழிக்கு வருவதைத் தவிர வேறு கதியில்லை. வாடிக்கையாளர் மறுபடி ஒப்புதலும் ஓ.டி.பி.யும் தர வேண்டும். எப்படியும் ஒருமுறை கதவைத் தட்டப்போகிறோம் என்பதால், அந்தப் பக்கத்திலேயே யு.பி.ஐ. ஆட்டோபே தேர்வையும் கார்டுக்கு அருகில் வைத்துவிடச் சொல்கிறேன்.