ரேகை விழாத விரல்களும் உடுமலையில் ஒரு சேவை மையமும்

என் தந்தையார் மெட்ராஸ் ரெஜிமெண்டில் நாயக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பட்டாளத்திலிருந்து ஊர் திரும்பிய நாளிலிருந்து தென்னந்தோப்புதான் அவருடைய உலகம் என்பதால், தேங்காய் உரித்தும் மட்டை வெட்டியும் தேய்ந்துபோன அவருடைய விரல்களில் ரேகை என்று சொல்லிக்கொள்ள ஏதும் மிச்சமில்லை. ஓய்வூதியம் தொடர வேண்டுமானால் ஆண்டுக்கு ஒரு முறை உயிர்வாழ் சான்று கொடுத்தாக வேண்டும். அந்தச் சான்றைப் பல இடங்களில் இன்னும் ரேகைக் கருவியை வைத்தே எடுக்கிறார்கள். ஆகவே நவம்பர் மாதம் பிறந்தாலே எங்கள் வீட்டில் ஒரு கவலையும் பிறந்துவிடும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு வங்கிக் கிளையில் இரண்டரை மணி நேரம் நிற்கவைத்து, பத்து விரல்களையும் மாற்றி மாற்றி அழுத்தச் சொல்லிவிட்டு, கடைசியில் நாளைக்கு வரச் சொன்னார்கள். சென்ற ஆண்டு வேறொரு மையத்தில் சான்று எளிதாக வந்துவிட்டது. ஆனால் ஓய்வூதியம் வழங்கும் அமைப்பு என்ற இடத்தில் பழைய வங்கியின் பெயரைத் தேர்ந்தெடுத்துவிட்டதால் அது ஏற்கப்படவில்லை. இத்தனைக்கும் அதே ஊரில் சுதந்திர தினத்தன்று தந்தையாரை மேடையேற்றிச் சால்வை போர்த்தியிருந்தார்கள். அந்தச் சால்வை இன்னும் பிரிக்கப்படாமல் பீரோவில் இருக்கிறது.

இந்த ஆண்டு உறவினர் ஒருவர் சொல்லி நாங்கள் சென்றது, உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்திலிருந்து நடந்துபோகும் தொலைவில் உள்ள ஒரு சிறிய இணையச் சேவை மையம். நவம்பரில் ஏற்கெனவே கூட்டம் தெரு வரைக்கும் நிற்கிறது என்பதால் பெயரை எழுத வேண்டாம் என்று நடத்துபவர் கேட்டுக்கொண்டார். அமராவதிநகர் சைனிக் பள்ளி 1962 முதல் இயங்கிவரும் வட்டாரம் இது என்பதால், பட்டாளத்துக் குடும்பங்களிடம் விசாரித்தாலே இடத்தைச் சொல்லிவிடுவார்கள். நடத்துபவர் முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண். அவருடைய அப்புச்சியும் (அம்மாவின் அப்பா) படையில் இருந்தவராம்.

உள்ளே நுழைந்ததும் அவர் ஆதார் அட்டையைக் கேட்கவில்லை. "வாங்கப்பா, உக்காருங்க. எந்தப் படைங்க, எந்த ரெக்கார்டு ஆபீசுங்க?" என்றுதான் கேட்டார். "ஆர்மிங்க. மெட்ராஸ் ரெஜிமெண்டு, வெலிங்டன்" என்று சொல்லும்போது தந்தையாரின் முதுகு தானாக நிமிர்ந்ததைப் பார்த்தேன். அந்தக் கேள்வி உபசாரத்துக்குக் கேட்டது அன்று என்பது பின்னர்தான் விளங்கியது. ஜீவன் பிரமான் எனும் மின்னணு உயிர்வாழ் சான்றின் படிவத்தில் ஓய்வூதியத்துக்கு ஒப்புதல் அளித்த அதிகாரம் தரைப்படைக்கு ஒன்று, கடற்படைக்கு ஒன்று, விமானப்படைக்கு ஒன்று. ஆனால் ஸ்பர்ஷ் எனும் பாதுகாப்புத் துறையின் இணையவழி ஓய்வூதிய முறைக்கு மாறிவிட்டவர்கள் எந்தப் படையினராக இருந்தாலும், வழங்கும் அமைப்பு என்ற இடத்தில் 'ஸ்பர்ஷ், பிசிடிஏ அலகாபாத்' (பிசிடிஏ என்பது பாதுகாப்புத் துறையின் கணக்கு அலுவலகம்) என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நாங்கள் முந்தைய ஆண்டு தடுக்கி விழுந்த இடம் இதுதான்.

ரேகைக் கருவியை அவர் எடுக்கவே இல்லை. ஜீவன் பிரமான் 2014 நவம்பரில் தொடங்கப்பட்ட திட்டம். 2021 நவம்பரிலிருந்து முகத்தைக் காட்டியே சான்று எடுக்கும் வசதி அதில் இருந்தும், மேசை மேல் கருவி இருக்கும்போது கைப்பேசியைத் தேடுவானேன் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இவர் தந்தையாரை வாசல் பக்கமாக அழைத்துச் சென்று, வெளிச்சம் முகத்தில் நேராக விழும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, "கண்ணை ஒருக்கா மூடித் தொறங்கப்பா" என்றார். முதல் முறை பிடிக்கவில்லை. இரண்டாம் முறை திரையில் இருந்த வட்டம் பச்சையானது. அச்செடுத்துக் கொடுத்தபின், சான்று உருவாவதும் அது ஏற்கப்படுவதும் வேறு வேறு என்று விளக்கி, ஒரு வாரம் கழித்துத் தாமே பார்த்துச் சொல்வதாகக் குறித்துக்கொண்டார். எட்டாம் நாள் அழைக்கவும் செய்தார்.

ஆனால் இந்த மையத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது வேறொன்றால். ஓய்வூதிய ஆணையையும் ஆதார் அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர், அம்மாவின் பெயர் ஆதாரில் ஈற்றில் ஓர் எழுத்துக் கூடுதலாக இருப்பதையும், பிறந்த ஆண்டு இரண்டிலும் பொருந்தாமல் இருப்பதையும் சுட்டிக்காட்டினார். தந்தையார் இருக்கும்வரை இதனால் எந்தத் தொல்லையும் வராது. அவருக்குப் பின் அம்மா குடும்ப ஓய்வூதியம் கேட்டுப் போகும்போதுதான் அந்த ஓர் எழுத்து குறுக்கே நிற்கும். தந்தையார் உயிரோடு இருக்கும்போதே அவர் கையெழுத்திலேயே மனு எழுதி, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாக வெலிங்டனில் உள்ள ஆவண அலுவலகத்துக்கு அனுப்பித் திருத்திக்கொள்ளச் சொன்னார். மனுவைத் தட்டச்சு செய்து தந்ததற்குத் தனியாக எதுவும் வாங்கவில்லை. எழுபதைக் கடந்த ஒருவரிடம், உங்களுக்குப் பிறகு என்று பேச்செடுப்பது எளிதான காரியம் அன்று. அவர் அதை அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

சான்றுக்கான கட்டணம் 60 ரூபாய்; முன்னாள் படைவீரர் என்பதற்காகத் தள்ளுபடி எதுவும் கிடையாது. எனக்கு அது சரியாகவே பட்டது. இனாமாகச் செய்து கொடுத்தால் அடுத்த முறை ஒரு சந்தேகம் கேட்கக்கூடத் தயங்குகிறவர்கள் இவர்கள். படுக்கையில் இருப்பவர்களை இங்கே தூக்கிக்கொண்டு வர வேண்டாம், தபால்காரரைக் கூப்பிட்டால் 70 ரூபாய்க்கு வீட்டிலேயே எடுத்துவிடுவார் என்று தம் வருமானத்தை விட்டுக்கொடுத்துச் சொல்கிறார். கணினியின் விளிம்பில் சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என மூன்று நிறத்திலான கொடிநாள் வில்லை ஒன்று ஒட்டியிருக்கிறது. 1949 முதல் டிசம்பர் 7 அன்று நாடு முழுதும் விற்கப்படுவது இதுதான். முன்னாள் படைவீரர் நலம் தொடர்பாகக் கடையில் வேறு அலங்காரம் ஏதும் இல்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். வாசலில் மூன்று படிகள். பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. காத்திருப்பவர்களுக்குப் போட்டிருப்பவை சாய்வில்லாத நெகிழி முக்காலிகள். முழங்கால் தேய்ந்தவர்கள் அவற்றில் அமரவும் முடியாது, எழவும் முடியாது. இவற்றைவிடப் பெரிய குறை, வாடிக்கையாளர்களின் ஸ்பர்ஷ் கடவுச்சொற்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரிசையாக எழுதி மேசை மேலேயே வைத்திருப்பது. முதியவர்கள் மறந்துவிடுகிறார்கள் என்ற நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார் என்றாலும், ஓய்வூதியர்களைக் குறிவைத்துத் தொலைபேசியில் ஓடிபி கேட்டு ஏமாற்றும் கும்பல்கள் பெருகியிருக்கும் இந்தக் காலத்தில் அந்த நோட்டு அங்கே கிடக்கக் கூடாது. நான் சொன்னதும் தந்தையாரின் பக்கத்தை மட்டும் கிழித்து என் கையில் கொடுத்தார். மற்றவர்களுடைய பக்கங்கள் அப்படியேதான் இருக்கின்றன.

செல்பவர்கள் ஓய்வூதிய ஆணை, ஆதார், ஆதாருடன் இணைத்த கைப்பேசி ஆகியவற்றோடு மனைவியின் ஆதாரையும் எடுத்துச் செல்லுங்கள். காலை பத்து மணிக்குள் போனால் வாசல் வெளிச்சமும் நன்றாக இருக்கும், கூட்டமும் இருக்காது. 80 வயதைக் கடந்த மத்திய அரசு ஓய்வூதியர்கள் அக்டோபர் 1 முதலே சான்று கொடுக்கலாம். தந்தையாருக்கு அடுத்த ஆவணியில் 80 முடிகிறது என்று அறிந்ததும், மையத்தை நடத்துபவர் அக்டோபர் முதல் வாரத்தில் அவர் பெயரை எழுதி, பக்கத்தில் "ரேகை வேண்டாம், முகம்" என்று குறித்து வைத்துக்கொண்டார்.