கன்டெய்னர் வரிசையில் ஒரு ஆடியோ வேதாகமம்: வாங்கலாமா?

கையில் அடங்குகிற சின்ன ஸ்பீக்கர். முன்பக்கம் எண் பட்டன்கள், பின்பக்கம் வெயிலில் சார்ஜ் ஆகும் தகடு, உள்ளே மெமரி கார்டில் தமிழ் வேதாகமம் முழுக்க, 66 புத்தகமும். சென்னை ராயபுரத்தில் ஒரு கன்வென்ஷன் கூட்டத்து வாசலில் போட்டிருந்த கடையில் 1,200 ரூபாய்க்கு வாங்கினேன். பெட்டியில் கம்பெனி பெயரே கிடையாது, அதனால் திட்டுவதானாலும் புகழ்வதானாலும் பெட்டியைத்தான். போனிலேயே இலவசமாகக் கேட்கலாமே என்பீர்கள். கேட்கலாம், ஆனால் போனில் டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் கூப்பிடும், வீட்டில் கூப்பிடுவார்கள், வாட்ஸப் அடித்துக்கொண்டே இருக்கும், எல்லாவற்றையும் இழந்த யோபு வாயைத் திறப்பதற்குள் என் கவனம் எங்கேயோ போயிருக்கும். இதில் அந்தத் தொல்லை இல்லை.

நான் ஓட்டுவது டிரெய்லர். மணலி, மாதவரம் பக்கத்து யார்டுகளிலிருந்து துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப் போக வேண்டும். எண்ணூர் விரைவு சாலையில் துறைமுகத்தின் ஜீரோ கேட்டைப் பார்த்து வண்டிகள் நிற்பதை அந்தப் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். பேட்டா டிரிப்புக்குத்தான், காத்திருக்கிற நேரத்துக்கு இல்லை. வரிசை நகரவில்லை என்றால் அடுத்த டிரிப் போச்சு, வீட்டில் குழுக் கடன் தவணைக்கு ஆள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஒதுங்கக்கூட இடம் கிடையாது. கண்ணை மூடினால் முன்னால் விழுகிற இடைவெளியில் எவனாவது வண்டியை நுழைத்துவிடுவான். அந்த நேரத்துக்குத்தான் எனக்கு இந்தப் பெட்டி.

முதலில் அதிலிருக்கிற நல்லது. குரல் தெளிவு. இன்ஜின் ஓடும்போதும் கேட்கிறது. எண்ணை அழுத்தினால் அந்தப் புத்தகம்: யோபு 18, ஜெபப் பாட்டுகளின் புத்தகமான சங்கீதம் 19, மாற்கு 41. வாசிப்பது நம் சபைகளில் வழக்கமான பழைய மொழிபெயர்ப்பு, 19ஆம் நூற்றாண்டுத் தமிழ்தான், ஆனாலும் ஒருவர் நிதானமாக வாசிக்கக் கேட்டால் கண்ணால் படிப்பதைவிடச் சுலபமாகப் புரிகிறது. யோபுவுக்கு ஒரு குரல், அவரைப் பார்க்க வந்த நண்பர்களுக்கு வேறு வேறு குரல் கொடுத்திருப்பது நல்ல யோசனை. இல்லாவிட்டால் 42 அதிகாரத்தில் யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்றே தெரியாது. அந்த நண்பர்கள் பேசுவதைக் கேட்டால் நம் சொந்தக்காரர்கள் ஞாபகம் வரும்: நீ ஏதோ தப்பு பண்ணியிருப்பாய், அதனால்தான் இப்படி. கடைசியில் கடவுளே அவர்கள் பேசியது சரியில்லை என்கிறார். கடனில் இருக்கிற எவனும் அந்த இடத்தை மறுபடி ஒருமுறை ஓடவிட்டுக் கேட்பான்.

ஆனால் இந்தக் காசுக்கு எனக்குக் கிடைத்த பெரிய விஷயம் எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்தில் இருந்தது. எங்கள் சபையில் வருஷப் பிறப்பு ராத்திரி ஆராதனையில், ஆளுக்கு ஒரு வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை எடுப்போம். எனக்கு ஒரு வருஷம் எரேமியா 29:11 வந்தது, தீமைக்கு அல்ல சமாதானத்துக்கான நினைவுகள் என்று வருமே, அது. கேபின் கண்ணாடிக்கு மேல் ஒட்டி வைத்திருக்கிறேன். வரிசையில் நிற்கும்போது எரேமியாவுக்கான 24ஐ அழுத்தி அந்த அதிகாரம் முழுக்கக் கேட்டால், அதற்கு முந்தின வசனமே 70 வருஷம் என்கிறது! எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் அது. சீக்கிரம் ஊர் திரும்பலாம் என்று வேறு ஆட்கள் தீர்க்கதரிசனம் சொல்லிக்கொண்டிருக்க, இவர் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், இருக்கிற பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று எழுதுகிறார். அட்டையில் அந்த 70ஐ அச்சடித்தால் யாரும் ஆமென் சொல்ல மாட்டார்கள். எனக்கென்னவோ அந்த 70தான் தெம்பாக இருக்கிறது. இந்த மாசமே கடன் தீரும் என்று மைக்கில் கத்துகிறவரை என்னால் நம்ப முடியவில்லை. நாளாகும், அதுவரைக்கும் சாப்பிடு, வேலையைப் பார், உன்னை நான் மறக்கவில்லை என்று சொல்கிற கடவுளை நம்ப முடிகிறது.

கேட்டால் கேட் திறக்கும் என்று சாட்சி சொல்ல வரவில்லை. தவணைத் தேதியும் அதேதான். நடுவில் வண்டியை நுழைக்கிறவனிடம் முன்பெல்லாம் இறங்கிப் போய்ச் சண்டை போடுவேன், இப்போது ஹாரனோடு நிறுத்திக்கொள்கிறேன். பெரும்பாலும்.

இனி குறைகள். அணைத்துவிட்டுப் போட்டால் விட்ட இடம் ஞாபகம் இருக்காது, மறுபடியும் ஆதியாகமம் 1. உலகம் சிருஷ்டிக்கப்படுவதை இத்தனை தடவை கேட்டவன் வடசென்னையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சங்கீதத்தை வரிசையாகக் கேட்கவும் முடியாது: 1 முடிந்தால் 10, அப்புறம் 100. ஃபைல்களுக்கு 001, 002 என்று பெயர் வைத்திருந்தால் தீர்ந்திருக்கும், அதைச் செய்ய ஆளில்லை. அதைவிட மோசம் சங்கீதங்களுக்குப் பின்னால் ஓடுகிற கீபோர்டு. 88ஆம் சங்கீதம் இருக்கிறதே, கடைசியிலாவது ஆறுதல் வரும் என்று காத்திருந்தால் சிநேகிதர்களையும் என்னைவிட்டுத் தூரமாக்கினீர் என்ற புலம்பலோடு முடிந்துவிடும், அவ்வளவு வெறுமையான பாட்டு. ராத்திரி இரண்டு மணிக்குச் சாலையில் நிற்கிறவனுக்கு அது அப்படியே வேண்டும். அதற்குப் போய்க் கல்யாண வீடியோ மியூசிக் போட்டு வைத்திருக்கிறார்கள்.

சோலார் தகடு பேருக்குத்தான். வண்டியில் சார்ஜ் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது: லாரியில் 24 வோல்ட், கார் சார்ஜரை வாங்கும்போது 24 வோல்ட் தாங்குமா என்று அதன் மேலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கத்தோலிக்கர்கள் வாங்க வேண்டாம். பக்கத்து வீட்டு அண்ணன் புனித பேதுரு ஆலயத்துக்குப் போகிறவர், ஆசையாக வாங்கிப் பார்த்துவிட்டுத் தோபித்து எங்கே, மக்கபேயர் எங்கே என்று கேட்டார். அவர்களுக்கு 73 புத்தகம், இதில் 7 இல்லை. திருவிவிலியம் ஆடியோ என்று கேட்டு வாங்குங்கள்.

காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிற என் மச்சானுக்கு மாற்கு 4 போட்டுக் காட்டினேன், புயலில் படகின் பின்பக்கம் இயேசு தலையணை வைத்துத் தூங்குவாரே, அந்த இடம். அலைச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, பக்கெட்டில் தண்ணீரை ஆட்டுகிற மாதிரி இருக்கிறது, இதற்கா சீஷர்கள் பயந்தார்கள் என்றான். ஆனால் ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் பெட்டியை எடுத்துப் போனவன், 61 நாளும் முடிந்து படகு கடலில் இறங்கிய பிறகுதான் திருப்பித் தந்தான். வருமானமில்லாமல் வலையைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது கேட்டானாம். எந்த அதிகாரம் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கடையிலேயே 19ஐ அழுத்திப் பாருங்கள். பின்னால் மியூசிக் இல்லாமல் ஒரே ஆள் வாசிக்கிற கார்டு இருந்தால் அதையே கேட்டு வாங்குங்கள். 1,200 அதிகம், பேரம் பேசலாம். அடுத்த தடைக்காலத்துக்கு முன்னால் மச்சானுக்கு ஒன்று வாங்கித் தந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் என்னுடையது போய்விடும்.