சொன்ன பேச்சு கேட்காத குழந்தை: தனிப் பயிற்சியா, குழுப் பயிற்சியா?

சொன்னாலும் கேட்காது, அடித்தாலும் கேட்காது என்று பெற்றோர் கைவிரிக்கும் சிறு குழந்தைகளுக்கு, குழந்தையை மட்டும் உட்காரவைத்துப் பேசுவதைவிடப் பெற்றோரைப் பழக்குவதே கூடுதல் பலன் தரும். இதற்கென உள்ள முறைகளில் இரண்டை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, 1970களில் அமெரிக்காவின் ஷீலா ஐபெர்க் உருவாக்கிய, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனியாக அளிக்கும் பி.சி.ஐ.டி. என்னும் பெற்றோர்-குழந்தை ஊடாட்டச் சிகிச்சை. மற்றொன்று, கரோலின் வெப்ஸ்டர்-ஸ்ட்ராட்டன் வடிவமைத்த 'இன்கிரெடிபிள் இயர்ஸ்' குழுப் பயிற்சி.

பி.சி.ஐ.டி. 2 முதல் 7 வயதுவரையான குழந்தைகளுக்கானது. தாயும் குழந்தையும் ஓர் அறையில் விளையாட, கண்ணாடிக்கு அப்பாலிருந்து சிகிச்சையாளர் தாயின் காதுக்கருவி வழியே அவ்வப்போது வழிகாட்டுவார். முதல் கட்டத்தில் 5 நிமிட விளையாட்டில் குறிப்பிட்டுச் சொல்லும் பாராட்டு 10, குழந்தை சொன்னதைத் திருப்பிச் சொல்வது 10, செய்வதை விவரிப்பது 10 என்று தாய் தேற வேண்டும். கேள்வி, கட்டளை, குறைகூறல் மூன்றும் சேர்ந்து 3 தடவையைத் தாண்டக் கூடாது. குழந்தையை 'மக்கள்' என்று அழைக்கும் நம் குமரி மாவட்டத்தில் இதுதான் கடினம். "இது என்ன மக்களே, வீடா?" என்று கேட்டே கொஞ்சிப் பழகிய வாய், "மக்கள் சிவப்புக் கட்டைய மேல வைக்குது" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கக் கூச்சப்படும்.

குழுப் பயிற்சியில் பெற்றோர் பலர் வாரந்தோறும் கூடி, காணொளிக் காட்சிகளைப் பார்த்து விவாதித்து, நடித்தும் பழகுவார்கள். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 3 முதல் 11 வயதுவரை குழுவையே முதலில் சொல்லி, சிக்கல் கடுமையானால் தனிப் பயிற்சி என்கிறது. தன் பிள்ளை மட்டும் இப்படியில்லை என்று தெரிவதே ஒரு தாய்க்குப் பாதி ஆறுதல். ஆனால், குழந்தையிடம் அவள் நடந்துகொள்ளும் விதத்தைப் பயிற்சியாளர் நேரில் காண்பதில்லை.

விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகும் விளவங்கோட்டுக் குடும்பத்துக்கும், கணவர் வளைகுடாவிலிருக்கும் குளச்சல் வீட்டுக்கும், வாரம் தவறாமல் நாகர்கோவிலில் ஒரு குழுவில் போய் உட்காருவது எளிதன்று. காணொளி அழைப்பிலும் நடத்தக்கூடிய பி.சி.ஐ.டி.யையே இவர்களுக்கு நான் முன்வைப்பேன். கைபேசியை அலமாரியில் சாய்த்து வைத்து, காதில் இயர்போன் மாட்டினால் போதும். இதன் இரண்டாம் கட்டத்தில், கட்டளையை மீறிய குழந்தையை 3 நிமிடம் நாற்காலியில் உட்காரவைக்கும்போது, பாட்டா (தாத்தா) வந்து தூக்கி மிட்டாய் கொடுத்துவிட்டால் அத்தனை உழைப்பும் வீண். ஆகவே, தூரத்திலிருக்கும் தந்தையைவிட வீட்டிலிருக்கும் பாட்டாவையே பயிற்சியில் சேர்க்க வேண்டும்.

இவற்றில் எதைத் தொடங்குமுன்னும் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற ஓரிடத்தில் குழந்தையின் செவித்திறனையும் பேச்சு வளர்ச்சியையும் சோதித்துவிடுவது அவசியம். காது கேளாத குழந்தையைச் சொன்ன பேச்சு கேளாததற்காக நாற்காலியில் உட்காரவைப்பது கொடுமை.