நாடாளுமன்ற மின்னூலகம்: தென்காசி எம்.பி.யைத் தேடுகிறவர்களுக்கு

தென்காசித் தனித் தொகுதியில் 1977, 1980, 1984, 1989, 1991, 1996 என்று தொடர்ந்து ஆறு முறை ஜெயித்தவர் எம். அருணாசலம். முதல் ஐந்தும் காங்கிரஸ், கடைசி முறை தமாகா (தமிழ் மாநில காங்கிரஸ்). இப்படிப்பட்டவர் அவையில் என்ன பேசினார் என்று தொகுக்க வேண்டுமானால் நாடாளுமன்ற மின்னூலகம்தான் கதி. காசு கிடையாது. 1952 முதலான மக்களவை விவாதங்கள் பிடிஎஃப் ஆக இருக்கின்றன.

பேரைத் தட்டினால் வந்துவிடும் என்று இறங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். 1977-ல் திருநெல்வேலிக்கும் ஒரு அருணாசலம்தான் எம்.பி.! அதிமுகவின் வி. அருணாசலம், ஆலடி அருணா என்றால் நம்மூரில் எல்லாருக்கும் தெரியும். பக்கத்துப் பக்கத்துத் தொகுதி, ஒரே அவை, ஒரே பெயர். பழைய விவாதத் தொகுப்புகள் ஸ்கேன் செய்தவை என்பதால் இனிஷியலை மட்டும் நம்பக் கூடாது. பேச்சின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஊர் போட்டிருப்பார்கள்; அதைப் பார்த்துவிட்டுக் குறிப்பெடுங்கள். தேடலும் ஆங்கில எழுத்தில்தான். திருநெல்வேலி எம்.பி.யாக இருந்த கடம்பூர் ஜனார்த்தனனுக்கு இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலாவது போட்டுப் பார்க்க வேண்டும்.

எளிய வழி, எத்தனையாவது மக்களவை, எந்தக் கூட்டத்தொடர், எந்தத் தேதி என்று இறங்குவது. உள்ளூர்ப் பிரச்சினைக்கு முதலில் விதி 377 அறிக்கைகளைப் பாருங்கள்; எம்.பி.க்கள் அவசரப் பிரச்சினைகளை அவையின் கவனத்துக்குக் கொண்டுவரும் சிறு அறிக்கைகள் இவை. ரயில், குளம், பீடித் தொழில் எல்லாம் அங்கேதான் சிக்கும். அடுத்து மானியக் கோரிக்கை விவாதம், அதாவது ஒவ்வொரு துறைக்கும் நிதி ஒதுக்கும்போது நடக்கும் விவாதம்.

கேள்வி எண்ணிக்கையை வைத்து ஆளை எடை போடுவதுதான் பெரிய தப்பு. அமைச்சரானவர் கேள்வி கேட்கமாட்டார், பதில் சொல்வார். 1996-ல் தேவகவுடா அமைச்சரவையில் தொழிலாளர் துறை எம். அருணாசலத்திடம் இருந்தது. அந்தக் காலத்தில் கேள்விப் பட்டியலில் அவரைத் தேடினால் வெறுங்கைதான். துறை வாரியாகப் பதில்களைப் புரட்டுங்கள். வருகைப் பதிவும் அப்படித்தான், அமைச்சர்கள் அதில் கையெழுத்துப் போடுவதில்லை.

தொகுதி வரைபடத்திலும் கவனம் வேண்டும். 2009 தேர்தலுக்கு முன்பிருந்த தென்காசி வேறு. இப்போதைய தென்காசியில் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் சேர்ந்திருக்கின்றன.

பெரிய குறை ஒன்று. தமிழில் பேசியதைப் பழைய விவாதத் தொகுப்புகள் ஆங்கிலத்தில் மட்டும் தருகின்றன. 'தமிழில் ஆற்றிய உரையின் மொழிபெயர்ப்பு' என்று அடியில் ஒரு நட்சத்திரக் குறி, அவ்வளவுதான். அதைத் திரும்பத் தமிழாக்கி மேற்கோள் குறிக்குள் போட்டுவிடாதீர்கள்.