ஒப்பீட்டு அரசியல் படிக்க நான் நாலு வருஷமாகப் பயன்படுத்தியவை

ஒப்பீட்டு அரசியலில் சேர்ந்த புதிதில் பாடப்புத்தகம் போதாது என்று காசு கொடுத்து ஒரு தேர்வுக் குறிப்புத் தொகுப்பு வாங்கினேன். பெயர் வேண்டாம். நாட்டுக்கு இரண்டு பக்கம், கட்டம், அம்புக்குறி எல்லாம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதை நம்பி பிரெஞ்சு அதிபரின் பதவிக்காலம் 7 ஆண்டு என்று கட்டுரையில் எழுதினேன். 2000-இலேயே பொதுவாக்கெடுப்பு வைத்து அதை 5 ஆக்கிவிட்டார்கள் என்பது மதிப்பெண் போன பிறகுதான் தெரிந்தது.

அதற்கப்புறம் பிடித்துக்கொண்டதுதான் கான்ஸ்டிட்யூட். இலவசத் தளம், ஏறக்குறைய எல்லா நாட்டு அரசியலமைப்புகளும் இருக்கின்றன, இரண்டை அருகருகே திறந்து ஒரே தலைப்பில் என்ன சொல்கின்றன என்று பார்க்கலாம். தமிழ் கிடையாது, ஆங்கிலத்தில்தான் படித்தாக வேண்டும். ஜெர்மனியின் 67-ஆம் பிரிவையும் ஸ்பெயினின் 113-ஆம் பிரிவையும் இப்படித் திறந்து வைத்த அன்றுதான் ஆக்கபூர்வ நம்பிக்கையில்லாத் தீர்மானம் எனக்கு உறைத்தது: இருப்பவரை இறக்க வேண்டுமென்றால் அடுத்து யார் என்பதையும் அதே தீர்மானத்தில் சொல்லியாக வேண்டும். ஜெர்மனியில் 1972-இல் அரசுத் தலைவரான சான்சலர் பிராண்ட்டைக் கவிழ்க்க இரண்டு வாக்குகள் குறைந்தன, 1982-இல் சான்சலர் ஷ்மிட் போய் கோல் வந்தார், ஸ்பெயினில் 2018-இல் பிரதமர் ரஹோய் போய் சான்செஸ் வந்தார். பாடப்புத்தகம் இதை 'நிலைத்தன்மை' என்ற ஒரே சொல்லில் முடித்திருந்தது.

ஆனால் எழுத்தை மட்டும் நம்பினால் கதை கந்தல். வட கொரிய அரசியலமைப்பிலும் நான் படித்த பதிப்பில் 67-ஆம் பிரிவு இருக்கிறது, பேச்சுரிமை, பத்திரிகை உரிமை, கூட்டம் கூடும் உரிமை எல்லாம் அதில் தாராளமாக உண்டு!

நடைமுறையைப் பார்க்க வி-டெம், அதாவது நாடுகளின் ஜனநாயகத்தை அளக்கும் ஒரு தரவுத் தொகுப்பு. 1789 வரை பின்னோக்கிப் போகிறது, நூற்றுக்கணக்கான குறியீடுகள், முக்கியமானவை 0-இலிருந்து 1 வரையிலான அளவில். முதல் வருஷம் நான் செய்த தப்பு, வரைபடத்தில் கோட்டை மட்டும் பார்த்தது. கோட்டைச் சுற்றி வெளிறிய நிறத்தில் ஒரு பட்டை வரும், அதுதான் மதிப்பீட்டின் நிச்சயமின்மை. இரண்டு நாடுகளின் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படுத்திருக்க, ஒன்று மற்றதைவிட ஜனநாயகத்தில் முன்னேறியது என்று ஒரு பக்கம் எழுதிவைத்தேன், அத்தனையும் வீண். இன்னொன்று, முழுத் தரவையும் இறக்கினால் பழைய லேப்டாப் திணறிவிடும், சுருக்கப் பதிப்பு தனியாக இருக்கிறது, மாணவருக்கு அதுவே தாராளம்.

நாடுகளின் சுதந்திரத்துக்கு மதிப்பெண் போடும் அமைப்பான ஃப்ரீடம் ஹவுஸ் அவசரத்துக்கு நல்லது. அரசியல் உரிமைக்கு 40, குடியுரிமைச் சுதந்திரங்களுக்கு 60, மொத்தம் 100. எண்ணைவிட ஒவ்வொரு கேள்விக்கும் கீழே எழுதியிருக்கும் விளக்கத்தைத்தான் நான் படிப்பேன். காணொலி விரிவுரைகளை ஒன்றரை மடங்கு வேகத்தில் நிறையப் பார்த்தேன், ஒன்றும் மனதில் நிற்கவில்லை.

நின்றது எக்செல். கட்சிகளின் திறன்மிகு எண்ணிக்கை (அளவைக் கணக்கில் எடுத்தால் உண்மையில் எத்தனை கட்சிகள்) என்று 1979-இல் ஆய்வாளர்கள் லாக்ஸோவும் டாகேபெராவும் கொடுத்த சூத்திரம் இருக்கிறதே, அதை நாமே போட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கட்சியின் பங்கையும் (50 சதவீதம் என்றால் 0.5) வர்க்கப்படுத்திக் கூட்டி, 1-ஐ அதனால் வகுப்பது, அவ்வளவுதான். 50, 30, 20 சதவீதம் என்று மூன்று கட்சிகள் இருந்தால் விடை 2.63. பிரிட்டனின் 2024 தேர்தலைப் போட்டபோது வாக்குகளின்படி 4.8-க்குப் பக்கத்திலும் இடங்களின்படி 2.2-க்குப் பக்கத்திலும் வந்தது. தொழிற்கட்சி 33.7 சதவீத வாக்கில் 63 சதவீத இடங்களை அள்ளியதால் வந்த வித்தியாசம். முதலில் நான்தான் தப்பாகக் கூட்டிவிட்டேன் என்று நினைத்து மூன்று தடவை சரிபார்த்தேன்.

இப்போது அதே தாளில் நியூசிலாந்தின் 1993, 1996 முடிவுகளைப் போட்டுக்கொண்டிருக்கிறேன், இரண்டுக்கும் நடுவில் தேர்தல் முறையையே மாற்றிக்கொண்ட நாடு அது.