எங்கள் எம்.எல்.ஏ. அலுவலகம்: எதற்குப் போகலாம், எதற்குப் போவது வீண்

கூகுள் மேப்பில் எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு நாலு நட்சத்திரத்துக்கு மேல் இருக்கிறது. உள்ளே போய்ப் படித்தால் பாதிப் பேர் "அண்ணன் வாழ்க" என்று எழுதியிருக்கிறார்கள், ஒருவர் வண்டி நிறுத்த இடமில்லை என்கிறார், இன்னொருவர் பக்கத்து பிரியாணிக் கடைக்குப் போட வேண்டியதைத் தவறுதலாக இங்கே போட்டுவிட்டார் (லெக் பீஸ் சிறியதாம்). போன வேலை ஆனதா, எத்தனை நாள் இழுத்தது என்று ஒருவரும் எழுதவில்லை. நான் நான்கு முறை போயிருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். சென்னையின் தெற்குப் பக்கம், பழைய ஏரிக்கரையை ஒட்டிய தெரு எங்களுடையது. வாசலில் சின்னதாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். தொகுதியின் பெயரையும் கட்சியையும் வேண்டுமென்றே விடுகிறேன், போட்டால் சொல்ல வந்தது காணாமல் போய்க் கட்சிச் சண்டைதான் மிஞ்சும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2023-இல் எம்.எல்.ஏ. அலுவலகங்களில் இ-சேவை மையம் தொடங்கினார்கள் அல்லவா, எங்கள் அலுவலகத்தில் அது உண்மையாகவே நடக்கிறது. மகளின் இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் வேண்டியிருந்தது, எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்தவள் அவள்தான். பிரவுசிங் சென்டரில் இரண்டு முறை விண்ணப்பித்து இரண்டு முறையும் திரும்பி வந்தது, காரணம் யாருக்கும் தெரியவில்லை. இங்கே கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பெண் ரேஷன் கார்டையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, வீட்டுக்காரர் இனிஷியல் இதுல ஒண்ணு, அதுல ரெண்டு, இதனாலதான் தள்ளுறாங்க" என்றாள். அவ்வளவுதான் விஷயம். அதைச் சரிசெய்து மறுபடி போட்டதில் ஆறாம் நாள் எஸ்.எம்.எஸ். வந்தது. அந்தப் பெண்ணுக்கு மட்டும் தனியாக நட்சத்திரம் போட வழியிருந்தால் ஐந்தும் போடுவேன்.

லெட்டர் பேடு கடிதம் வாங்கப் போகிறவர்கள்தான் அங்கே அதிகம். ஆஸ்பத்திரியில் படுக்கை, பள்ளியில் இடம், 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை என்று காலை ஒன்பது மணிக்கே பெஞ்சு நிறைந்துவிடும். எம்.எல்.ஏ.வின் உதவியாளர், பி.ஏ., தன்மையான ஆள், கேட்டால் கொடுத்துவிடுவார். ஆனால் அந்தக் கடிதத்தில் இருப்பது "ஆவன செய்யுமாறு பரிந்துரைக்கிறேன்" என்ற ஒரே வரிதான், முடிவெடுப்பது வேறொரு மேசை. அந்த மேசையில் அதே மாதிரிக் கடிதம் ஒரு கட்டு கிடக்கும். எதிர்பார்ப்பை அந்த அளவுக்கு வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம் இல்லை.

அடுத்தது மழை. எனக்கு இதில்தான் கோபம் அதிகம், கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன்.

2023 டிசம்பர் 3 ராத்திரி தொடங்கி மறுநாள் முழுக்க மிக்ஜாம் புயல் கொட்டித் தீர்த்தது. எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் மூன்று நாள் நின்றது. 2015-இல் நாங்கள் இதே வீட்டில்தான் இருந்தோம், அப்போது பட்டது போதாது என்று இரண்டாவது தடவை. கடையில் இரண்டு மெஷினின் மோட்டாரும் போச்சு, பொங்கலுக்குத் தைக்க வந்திருந்த துணியை அலசி அலசியும் சேற்று வாடை போகவில்லை. மூன்றாம் நாள் எம்.எல்.ஏ. டிராக்டரில் வந்தார், பால் பாக்கெட்டும் பிரெட்டும் கொடுத்தார், அவர் வேட்டியும் முழங்காலுக்கு மேல் நனைந்துதான் இருந்தது. அதை மறுக்க மாட்டேன். 6,000 ரூபாய் நிவாரணமும் ரேஷன் கடையில் வந்து சேர்ந்தது.

தை மாதம் தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேர் அலுவலகத்துக்குப் போனோம். "வடிகால் கட்டித் தந்துடுவோம்மா, பட்டியல்ல சேர்த்தாச்சு" என்றார்கள். எங்கள் தெருவில் வடிகால் ஏற்கெனவே இருக்கிறது! பெயர் பொறித்த கல்வெட்டோடு இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் அதன் வாய் ஏரியின் போக்குக் கால்வாயில் போய்ச் சேரவில்லை, இருபதடி முன்னாலேயே மண்ணுக்குள் முட்டிக்கொண்டு நிற்கிறது. நடுவில் இருக்கும் தொட்டிகளில் வண்டல் கழுத்து வரை. வடிகால் ஒரு துறையின் சொத்து, கால்வாய் இன்னொரு துறையின் சொத்து, நடுவில் இருக்கிற இருபதடி யாருடையதும் இல்லை. கட்டினால் கல்வெட்டு வைக்கலாம், தூர்வாரியதற்கு எங்கே கல்வெட்டு வைப்பது? எங்கள் தெருவின் கதை முழுக்க இந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடும்.

பணம் இல்லை என்றும் முழுதாகச் சொல்ல முடியாது, இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு 3 கோடி. அதில் ஒரு பகுதியை அரசு சொல்கிற பணிகளுக்கே செலவழிக்க வேண்டும், மிச்சம்தான் அவர் விருப்பம். எங்கள் பக்கம் மாதிரி சுமார் 3 லட்சம் வாக்காளர்கள் இருக்கிற தொகுதியில் கணக்குப் போட்டால் ஆளுக்கு வருஷத்துக்கு 100 ரூபாய். அந்த நூறு ரூபாயில் அவர் வெள்ளத்தைத் தடுப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்த நிதியில் ரேஷன் கடைக் கட்டடம், அங்கன்வாடி, உயர்கோபுர விளக்கு, பஸ் நிழற்குடை என்று நாலு கண்ணுக்குத் தெரிகிற சாமான்தான் வரும், வந்தும் இருக்கிறது.

அந்த நிழற்குடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள பளவென்று எவர்சில்வர். மேலே பெயர்ப் பலகை கூரையைவிடப் பெரியது, சந்தேகமாக இருந்தால் டேப் எடுத்துக்கொண்டு வாருங்கள், நான் தையல்காரி, அளந்துவிட்டுத்தான் சொல்கிறேன். மேற்குப் பார்த்த நிறுத்தம், மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் நிழல் முழுக்கப் பின்பக்கச் சாக்கடை மேல் விழும், வெயில் முழுக்கப் பெஞ்சில் விழும். உட்கார்ந்தால் தோசைக்கல். பூ விற்கிற ஆயா ஈரச் சாக்கை நான்காக மடித்துப் போட்டு அதன்மேல்தான் உட்காருவார், மற்றவர்கள் பத்தடி தள்ளி டிரான்ஸ்பார்மர் நிழலில் நிற்பார்கள். அங்கே முன்பு ஒரு வேப்பமரம் இருந்தது, நிழற்குடை போட அதை வெட்டினார்கள். நிழலை வெட்டி நிழற்குடை! தமிழ்நாடு அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, வெயிலில் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் என்று உத்தரவு போட்டது. அறிவிப்பு ஒரு பக்கம், எவர்சில்வர் பெஞ்சு ஒரு பக்கம்.

இதைப் பி.ஏ.விடம் போய்ச் சொன்னேன். சிரித்துவிட்டு, "டிசைன் மேலயிருந்து வருதும்மா" என்றார். ஆனாலும் ஒரு மாதத்தில் இரண்டு பூவரசங்கன்று வைத்தார்கள், இரும்புக் கூண்டோடு, கூண்டிலும் பெயரோடு. ஒன்று பட்டுப்போனது. மற்றொன்றுக்கு டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவிய தண்ணீரை ஊற்றுகிறார், இப்போது என் உயரம் வந்துவிட்டது.

சரி, ஒரு எம்.எல்.ஏ.விடம் வேறு என்னதான் கேட்பது என்பீர்கள். அவருடைய நிஜமான வேலை நடக்கிற இடம் இந்த அலுவலகம் இல்லை, கோட்டையில் இருக்கிற சட்டமன்றம். காகிதத்தில் நம் மாநிலத்துக்குக் குறைச்சல் எதுவும் இல்லை. துறையின் பெயரே 2021-இலிருந்து சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத்துறை. காலநிலை மாற்ற இயக்கம் இருக்கிறது, அதற்கு மாவட்டந்தோறும் கலெக்டர் இயக்குநர், மாவட்ட வன அலுவலர் காலநிலை அலுவலர். 100 சதுப்பு நிலங்களை மீட்க ஓர் இயக்கம், மரப் பரப்பை 33 சதவீதமாக்க 2022-இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம், அதே வருஷம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு ராம்சர் அந்தஸ்து, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம். இதெல்லாம் எங்கள் தெருவின் இருபதடி மண்ணுக்கு எப்போது வந்து சேரும் என்று எழுந்து கேட்க ஒரு ஆள் வேண்டும், அதற்குத்தான் நாங்கள் அனுப்பி வைத்தோம். கேள்வி நேரம் இருக்கிறது, அவசரப் பிரச்சினைக்கு அமைச்சரின் பதிலைக் கேட்கும் கவன ஈர்ப்பு இருக்கிறது, துறைக்குப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கையில் அந்தத் தொகையைக் குறைக்கச் சொல்லிக் குறையை எழுப்பும் வெட்டுத் தீர்மானம் இருக்கிறது. ஓர் அமைச்சர் சபையில் "செய்து தரப்படும்" என்று சொல்லிவிட்டால் அதைத் துரத்துவதற்கு அரசு உறுதிமொழிக் குழு என்று தனியாக ஒரு குழுவே உண்டு.

2022-இலிருந்து கேள்வி நேரத்தை நேரலையில் காட்டுகிறார்கள். நான் மெஷின் மிதித்துக்கொண்டே போனில் ஓடவிடுவேன். எங்கள் ஆள் எழுந்தால் சத்தத்தைக் கூட்டுவேன். மேம்பாலம் கேட்டார், கலைக் கல்லூரி கேட்டார், சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் புதுக் கட்டடம் கேட்டார். எதுவும் தப்பில்லை. "நிதிநிலைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும்" என்று பதில் வரும், நன்றி சொல்லி உட்காருவார். தூர்வாருதல் என்ற வார்த்தையை நான் கேட்ட நாட்களில் அவர் சொல்லவில்லை. 2022-இல் முதலமைச்சர் 234 பேருக்கும் கடிதம் எழுதி, தொகுதியில் தீராமல் கிடக்கிற பத்துக் கோரிக்கைகளை அனுப்பச் சொன்னார் அல்லவா, எங்கள் பட்டியலில் என்னென்ன இருந்தது என்று அலுவலகத்தில் கேட்டேன். பைலைத் தேடினார்கள். டீ வந்தது. பைல் வரவில்லை.

நான்காவது முறை போனது மனுக்கள் குழுவுக்காக. இது பலருக்குத் தெரியாது, எனக்கே பேப்பரில் வந்த ஓர் அறிவிப்பைப் பார்த்துத்தான் தெரியும். சட்டமன்றத்துக்கென்றே மனுக்கள் குழு உண்டு, மாவட்டம் மாவட்டமாகப் போவார்கள், யார் வேண்டுமானாலும் நேரடியாக மனு அனுப்பலாம். தமிழில், தேதியும் கையெழுத்தும் போட்டு, ஐந்து நகல். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, அதுவும் ரொம்ப நாளாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். பட்டா, வேலை, வங்கிக் கடன், கோர்ட்டில் கிடக்கிற வழக்கு இதெல்லாம் கூடாது. எங்கள் இருபதடிக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

பி.ஏ.வுக்கு அந்தக் குழுவைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை, அறிவிப்பைக் காட்டினதும் கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார். அப்புறம் அவரே நகல் எடுத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை, உறையில் முகவரியும் அவர்தான் எழுதினார். நான் சொன்னேனே, ஆள் தன்மையானவர்தான். நாலு மாதம் கழித்து இரண்டு இன்ஜினியர்கள் டேப்போடு வந்து மூடியைத் திறந்தார்கள். உள்ளிருந்து இறுகிப்போன சிமென்ட் மூட்டை, ஒரு ஹெல்மெட், ஒரு சோபா மெத்தை எல்லாம் வந்தன. தொட்டியை அன்றைக்கே சுத்தம் செய்துவிட்டார்கள். இருபதடியை வெட்ட அந்த இன்னொரு துறையின் அனுமதி வர வேண்டுமாம்.

போகிறவர்களுக்கு: சட்டமன்றம் நடக்கிற நாட்களிலும் முகூர்த்த நாட்களிலும் எம்.எல்.ஏ.வைப் பார்க்க முடியாது, பி.ஏ.வைப் பார்க்கலாம். வாசலில் சாய்தளம் இருக்கிறது, வயதானவர்களைக் கூட்டிப் போகலாம். இ-சேவைக்குப் பதினோரு மணிக்குள் போய்விடுங்கள், அசல் ஆவணங்களோடு. வடிகால், ஏரி, மரம் பற்றிப் போவதாக இருந்தால் வாயால் சொல்லாதீர்கள், "பட்டியல்ல சேர்த்தாச்சு" என்றுதான் பதில் வரும். எழுதிக் கொண்டுபோய், சபையில் கேள்வியாகக் கேளுங்கள் என்று கேளுங்கள், கேட்டாரா என்று மறுபடி போய் விசாரியுங்கள்.

இப்போதைக்கு மூன்று நட்சத்திரம். அதில் இரண்டு இ-சேவைப் பெண்ணுக்கு, ஒன்று பி.ஏ.வுக்கு. ஐப்பசி மழைக்கு முன்னால் அந்த இருபதடியைத் திறந்துவிட்டால் வந்து நாலாக மாற்றிவிடுகிறேன்.