நாற்பது பாட்டு, நாற்பது நிமிடம்: ‘தி ரெசிடென்ட்ஸ்’ குழுவின் ‘கமர்ஷியல் ஆல்பம்’

கண்விழி முகமூடியும் உயரத் தொப்பியும் அணிந்து மேடையேறிப் புகழ்பெற்ற சான் பிரான்சிஸ்கோவின் ‘தி ரெசிடென்ட்ஸ்’ இசைக்குழு, 1970-களிலிருந்தே தன் உறுப்பினர்களின் பெயரை வெளியிடுவதில்லை. அவர்கள் சார்பில் பேசுவதற்கென்றே ‘கிரிப்டிக் கார்ப்பரேஷன்’ என்ற நிறுவனம் இருந்தது. 1980-இல் வெளிவந்த அவர்களுடைய ‘கமர்ஷியல் ஆல்பம்’ இசைத்தட்டின் பழைய பிரதியை பெங்களூரு சர்ச் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு கடையில் வாங்கினேன்.

ஜனரஞ்சகப் பாட்டில் திரும்பத் திரும்ப வரும் பகுதிகளைக் கழித்துவிட்டால் ஒரு நிமிடமே மிஞ்சும், விளம்பரத்தின் நீளமும் அதுவே என்ற கணக்கில், ஏறத்தாழ ஒரு நிமிடம் ஓடும் 40 பாடல்களை இதில் அடுக்கியிருக்கிறார்கள். அவற்றை ஒலிக்கச் செய்ய கே.எஃப்.ஆர்.சி. வானொலியில் விளம்பர நேரத்தைக் காசு கொடுத்தே வாங்கினார்களாம்; குறும்புக்கும் ஓர் அளவு வேண்டாமா!

சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி, பொம்மைப் பியானோவைப் போல ஒரு மெட்டைத் தட்டித்தட்டி வாசிக்க, மூக்கால் இழுக்கும் குரல் அதன்மேல் ஏறுகிறது; மெட்டு பிடிபடும் நேரத்தில் பாட்டு முடிந்துவிடுகிறது. பல்லவிக்குத் திரும்பும் தருணத்துக்காகவே காத்திருந்து பழகிய நம் காதுக்கு இது முதலில் ஏமாற்றமாகவே இருக்கும். ஒரே மூச்சில் கேட்டால் சலிப்புத் தட்டுகிறது என்பதையும் மறைப்பதற்கில்லை. பத்துப் பத்தாகக் கேட்பதே உத்தமம்.

‘நல்ல நிலை’ என்று விற்றவர் இரண்டாம் பக்கத்துக் கீறலைச் சொல்லவில்லை. ஐந்து நிமிடப் பாட்டில் முள் தாவினால் பொறுத்துக்கொள்ளலாம், இங்கோ பாதிப் பாட்டே பறிபோகிறது. பழைய பிரதி வாங்குபவர்கள் இசைத்தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கவும்.